லெபனான்: ராணுவ வீரரின் சம்பளத்தை வெளிநாடு கொடுத்தால், அந்த ராணுவம் யாருடையது?

2025 ஜனவரி 9, பெய்ரூட் நாடாளுமன்றம். குடியரசுத் தலைவர் தேர்தலின் முதல் சுற்றில் ராணுவத் தளபதி ஜோசப் அவுனுக்குக் கிடைத்தது 71 வாக்கு. தேவைப்பட்டது 86. சபை இடைவேளைக்குப் பிறகு மறுபடி கூடியபோது அவருக்கு விழுந்தது 99 வாக்கு.

நடுவில் 28 வாக்குகள் எங்கிருந்து வந்தன? இடைவேளையில் ஹெஸ்பொலா, அமல் ஆகிய இரண்டு ஷியா கட்சிகளின் பிரதிநிதிகள் அவுனைச் சந்தித்துப் பேசினார்கள். அதற்கு முந்தைய நாள்களில் அமெரிக்கா, பிரான்ஸ், சவுதி அரேபியா ஆகிய நாடுகளின் தூதர்கள் பெய்ரூட்டில் கட்சி கட்சியாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார்கள். 26 மாதங்களுக்கு மேல் தலைவர் இல்லாமல் கிடந்த நாட்டுக்கு அன்று ஒரு தலைவர் கிடைத்தார்.

இதை ஜனநாயகத்தின் வெற்றி என்பதா, வெளிநாடுகளின் ஏற்பாடு என்பதா? உண்மையில் ரெண்டும்தான். லெபனானைப் புரிந்துகொள்ள நாம் தொடங்க வேண்டிய இடம் இதுதான். பலவீனமான ஒரு நாட்டின் இறையாண்மையையும் ஜனநாயக அமைப்புகளையும் வெளியில் இருந்து தாங்கிப் பிடிக்க முடியுமா? இருபது வருஷமாக லெபனானில் இதைத்தான் முயற்சி செய்கிறார்கள். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதற்கு எண்களே சாட்சி.

லெபனான் ஏன் 'பலவீனமான' நாடு?

பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர்தான். இந்தச் சின்ன நாட்டில் அரசு அங்கீகரித்த மதப் பிரிவுகள் 18. அதிகாரத்தைப் பிரித்துக்கொள்ள 1943-இல் ஓர் எழுதப்படாத ஒப்பந்தம் போட்டார்கள். குடியரசுத் தலைவர் மாரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சன்னி முஸ்லிம், சபாநாயகர் ஷியா முஸ்லிம். இன்றுவரை அப்படித்தான். நாடாளுமன்றத்தின் 128 இடங்களில் சரிபாதி கிறிஸ்தவர்களுக்கு, மறுபாதி முஸ்லிம்களுக்கும் ட்ரூஸ் மக்களுக்கும்.

டேட்டா பார்க்கிறவர்களை அதிரவைக்கும் ஒரு தகவல்: லெபனானில் கடைசியாக அதிகாரபூர்வ மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 1932-இல். யார் எத்தனை பேர் என்று மறுபடி எண்ணினால் யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்ற பங்கீடே கலைந்துவிடும். அதனால் யாரும் எண்ணத் துணியவில்லை.

1975 முதல் 1990 வரை உள்நாட்டுப் போர். சுமார் ஒன்றரை லட்சம் பேர் இறந்தார்கள் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. 1989-இல் சவுதியின் தாயிஃப் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் போரை முடித்துவைக்க வழி செய்தது. எல்லா ஆயுதக் குழுக்களும் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான நிபந்தனை. பெரும்பாலானோர் ஒப்படைத்தார்கள். ஒப்படைக்காத முக்கியமான குழு ஒன்று இருந்தது. அது ஹெஸ்பொலா.

காரணம், அப்போது தெற்கு லெபனான் இஸ்ரேலின் ஆக்கிரமிப்பில் இருந்தது. 'நாங்கள் ஆயுதக் குழு இல்லை, எதிர்ப்பு இயக்கம்' என்றது ஹெஸ்பொலா. 2000 மே மாதம் இஸ்ரேல் வெளியேறியது. ஆயுதம் மட்டும் அங்கேயே இருந்தது. அதற்குப் பின்னால் ஈரானின் பணமும் இருந்தது. ஆண்டுக்கு 70 கோடி டாலர் வரை என்பது அமெரிக்க அதிகாரிகள் வெளியிட்ட மதிப்பீடு.

ஒரு நாட்டுக்கு இறையாண்மை இருக்கிறதா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். துப்பாக்கி யார் கையில்? வரிப்பணம் யார் கையில்? தப்பு செய்தவனை எந்தக் கோர்ட் விசாரிக்கும்? மூன்றுக்கும் 'அரசு' என்ற ஒரே பதில் வந்தால் அது இறையாண்மை உள்ள நாடு. லெபனானில் மூன்றுக்கும் அந்தப் பதில் வரவில்லை.

சரி, வெளிநாடுகள் என்ன செய்தன?

முதல் வழி, ஐநா தீர்மானம். 2004 செப்டம்பர் 2 அன்று பாதுகாப்பு அவையில் 1559-ஆம் தீர்மானம் நிறைவேறியது. கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவும் பிரான்சும். ஆதரவு 9, வாக்களிக்காமல் ஒதுங்கியவர்கள் 6. வெளிநாட்டுப் படைகள் வெளியேற வேண்டும், ஆயுதக் குழுக்கள் கலைக்கப்பட வேண்டும், குடியரசுத் தலைவர் தேர்தல் சுதந்திரமாக நடக்க வேண்டும் என்றது அது. அடுத்த நாளே லெபனான் நாடாளுமன்றம், சிரியாவின் விருப்பப்படி, அப்போதைய தலைவர் எமில் லஹூதின் பதவிக்காலத்தை மூன்று ஆண்டுகள் நீட்டித்தது. காகிதத்துக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான்.

அதை அசைத்தது வேறொன்று. 2005 பிப்ரவரி 14 அன்று முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரீரி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். மார்ச் 14 அன்று பெய்ரூட்டில் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். ஏப்ரல் 26 அன்று, 29 ஆண்டுகளாக லெபனானில் இருந்த சிரியப் படை முழுவதுமாக வெளியேறியது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1559 தீர்மானமும் வெளிநாட்டு அழுத்தமும் ஏழு மாதமாக இருந்தன. உள்ளே மக்கள் எழுந்த பிறகுதான் அவற்றுக்கு உயிர் வந்தது.

ஆனால் அதே தீர்மானம் சொன்ன இன்னொரு வேலை, ஆயுதக் குழுக்களைக் கலைப்பது, நடக்கவே இல்லை. 2008 மே மாதம் மேற்கு நாடுகளின் ஆதரவு பெற்ற அரசு, ஹெஸ்பொலாவின் தனி டெலிபோன் நெட்வொர்க்கை அகற்ற முடிவெடுத்தது. சில நாள்களில் மேற்கு பெய்ரூட் ஹெஸ்பொலா ஆட்களின் கைக்குப் போனது. அரசு முடிவை வாபஸ் வாங்கியது. தோஹாவில் சமரசம் பேசி, இன்னொரு ராணுவத் தளபதியான மிஷேல் சுலைமானைத் தலைவராக்கினார்கள். அரசமைப்பு என்கிற அமைப்பை வலுப்படுத்தாமல், உள்ளே இருக்கும் ஒரு தரப்பை மட்டும் வெளிநாடு ஆதரித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே பாடம். எதிர்த்தரப்பு 'இது எங்கள் அரசே இல்லை' என்று சொல்வதற்கு வழி கிடைத்துவிடுகிறது.

ராணுவத்துக்குப் பணம் கொடுத்தது பலன் தந்ததா?

இரண்டாவது வழி இது. 2006 முதல் அமெரிக்கா மட்டும் லெபனான் ராணுவத்துக்கு 300 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறது. பலன் இல்லாமல் இல்லை. 2017 ஆகஸ்டில் வடகிழக்கு எல்லை மலைகளில் இருந்த ஐஎஸ் அமைப்பை லெபனான் ராணுவம் விரட்டியது. அப்போது தளபதியாக இருந்தவர் இப்போதைய குடியரசுத் தலைவர் அவுன். எல்லா மதத்தினரும் சேர்ந்து சேவை செய்கிற, மக்கள் பெரும்பாலும் நம்புகிற ஒரே அரசு அமைப்பு அதுதான்.

ஆனால் உதவிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. மத்திய கிழக்கில் யாருக்கு ஆயுதம் விற்றாலும் இஸ்ரேலின் ராணுவ மேலாதிக்கம் குறையக் கூடாது என்று அமெரிக்காவில் 2008-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். அதனால் லெபனான் ராணுவத்துக்குக் கவச வாகனம், ரைபிள், சிறிய தாக்குதல் விமானங்கள் கிடைத்தன. எதிரி விமானத்தைத் தடுக்கும் நவீன வான் பாதுகாப்பு கிடைக்கவில்லை. அதாவது, ஹெஸ்பொலாவிடம் ஆயுதத்தைக் கேட்கும் அளவுக்கு ராணுவம் பலமாக இருக்க வேண்டும், ஆனால் நாட்டின் வானத்தைக் காக்கும் அளவுக்கு இருக்கக் கூடாது. 'இந்த ராணுவத்தால் எங்களைக் காப்பாற்ற முடியாது' என்று ஹெஸ்பொலா சொல்லும்போது தெற்கு லெபனான் கிராமத்து மனுஷன் தலையாட்டுவதற்கு இதுதான் காரணம்.

சவுதி அரேபியாவும் 2013-இல் 300 கோடி டாலர் ஆயுத உதவி அறிவித்தது. பிரான்சிடம் வாங்கித் தருவதாகத் திட்டம். 2016 பிப்ரவரியில் ஹெஸ்பொலா மீதான கோபத்தில் அதை நிறுத்திவிட்டது. தண்டனை கிடைத்தது ஹெஸ்பொலாவுக்கு இல்லை, அதற்கு மாற்றாக இருந்த ஒரே அமைப்பான ராணுவத்துக்கு.

சம்பளம் கரைந்த கதை

2019-இல் பொருளாதாரம் நொறுங்கியது. 1850-களுக்குப் பிறகு உலகம் பார்த்த மிக மோசமான பத்து நெருக்கடிகளில் ஒன்று, ஒருவேளை முதல் மூன்றில்கூட வரலாம் என்று உலக வங்கி 2021-இல் சொன்னது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மாதம் 15 லட்சம் லெபனான் பவுண்டு சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நிலையான மதிப்பு ஒரு டாலருக்கு 1,507.5 பவுண்டு. அதன்படி அவருடைய சம்பளம் 995 டாலர். பிறகு பவுண்டு விழுந்து விழுந்து ஒரு டாலர் 89,500 பவுண்டு என்று நின்றது. அதே 15 லட்சத்தின் மதிப்பு இப்போது 17 டாலர்கூட இல்லை. மாதச் சம்பளம் ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டுச் செலவாகச் சுருங்கியது. பேங்கில் போட்ட டாலரையும் மக்களால் எடுக்க முடியவில்லை.

ராணுவமும் தப்பவில்லை. 2020-இல் வீரர்களின் சாப்பாட்டில் இருந்து இறைச்சியை எடுத்தார்கள். 2021-இல் ராணுவ ஹெலிகாப்டரில் சுற்றுலாப் பயணிகளை 15 நிமிடம் ஏற்றிப் பறக்க 150 டாலர் வாங்கினார்கள். படையை நடத்தக் காசு இல்லாததால் வந்த நிலை இது. 2022-இல் கத்தார் 6 கோடி டாலரை வீரர்களின் சம்பளத்துக்காகக் கொடுத்தது. 2023 ஜனவரியில் அமெரிக்கா 7.2 கோடி டாலர் அறிவித்தது. ஐநா வளர்ச்சித் திட்டம் வழியாக ராணுவ வீரருக்கும் போலீஸ்காரருக்கும் மாதம் 100 டாலர் வீதம் ஆறு மாதத்துக்கு.

இந்தப் பணம் வராமல் இருந்திருந்தால் வீரர்கள் இன்னும் அதிகமாகப் படையை விட்டுப் போயிருப்பார்கள். அதை மறுக்க முடியாது. ஆனால் இங்கேதான் தலைப்பில் இருக்கும் கேள்வி எழுகிறது. சீருடை லெபனானுடையது, சம்பளத்தின் ஒரு பகுதி தோஹாவில் இருந்தும் வாஷிங்டனில் இருந்தும் வந்தது. உதவி செய்கிற நாடு நாளை மனம் மாறினால், சவுதி 2016-இல் மாறியதுபோல, அந்த வீரர் வீட்டு அடுப்பு என்ன ஆகும்?

நிபந்தனை போட்டு உதவினால்?

மூன்றாவது வழி: 'முதலில் சீர்திருத்தம், அப்புறம் பணம்.' 2018 ஏப்ரலில் பாரிஸ் மாநாட்டில் 1,100 கோடி டாலருக்கு மேல் கடனும் உதவியுமாக வாக்குறுதி தந்தார்கள். சீர்திருத்தம் நடக்கவில்லை, பணத்தின் பெரும்பகுதியும் வரவில்லை. 2022 ஏப்ரலில் சர்வதேச நிதியத்தின் அதிகாரிகளோடு 300 கோடி டாலருக்கு ஒரு பூர்வாங்க ஒப்பந்தம் ஆனது. அதன் நிபந்தனைகளையும் அரசியல்வாதிகள் இழுத்தடித்தார்கள். பேங்க் நஷ்டத்தை யார் ஏற்பது என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லத் தயாராக இல்லை. நிபந்தனை போட்ட உதவியின் பலவீனம் இது. உதவி நின்றால் வலிப்பது சாதாரண மக்களுக்கு. நிபந்தனையை நிறைவேற்ற வேண்டிய தலைவர்களுக்கு அந்த வலி தெரிவதே இல்லை.

கோர்ட்டின் நிலைமை இன்னும் கசப்பானது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்ததும் சென்னையும் பதறியது ஞாபகம் இருக்கலாம். 2015-இல் சுங்கத் துறை பறிமுதல் செய்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் மணலி கிடங்கில் கிடந்தது. செய்தி பரவிய சில நாள்களிலேயே கன்டெய்னர்கள் ஹைதராபாத்துக்குக் கிளம்பின. பத்திரிகை எழுதியது, அதிகாரிகள் பதில் சொன்னார்கள், லாரி நகர்ந்தது. தாமதமாகத்தான், ஆனால் நடந்தது. அமைப்புகள் வேலை செய்வது என்றால் இதுதான்.

பெய்ரூட்டில் என்ன நடந்தது? விசாரணை நீதிபதி தாரிக் பிதார் முன்னாள் அமைச்சர்களைக் கூப்பிட்டார். அவர்கள் அவர் மீதே வழக்குப் போட்டார்கள். விசாரணை முடங்கியது. 2025 தொடக்கத்தில்தான் மறுபடி நகர ஆரம்பித்தது.

2024-க்குப் பிறகு என்ன மாறியது?

2024 செப்டம்பரில் ஹெஸ்பொலாவின் பேஜர்கள் வெடித்தன. பத்து நாளில் அதன் தலைவர் ஹசன் நஸ்ரல்லா இஸ்ரேலின் தாக்குதலில் கொல்லப்பட்டார். லெபனானில் சுமார் 4,000 பேர் உயிரிழந்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்த அந்தப் போர், நவம்பர் 27 அன்று சண்டை நிறுத்தத்துக்கு வந்தது. டிசம்பரில் சிரியாவில் அசத் ஆட்சி கவிழ்ந்தது. ஈரானில் இருந்து ஹெஸ்பொலாவுக்கு ஆயுதம் வந்த தரைவழியும் அடைபட்டது.

அதற்குப் பிறகுதான் அந்த 99 வாக்குகள். சர்வதேச நீதிமன்றத்தின் தலைவராக இருந்த நவாஃப் சலாம் பிரதமர் ஆனார். 2025 மே மாதம், 2016-க்குப் பிறகு முதல்முறையாக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. வங்கி ரகசியச் சட்டம் தளர்த்தப்பட்டது. நீதித்துறைச் சுதந்திரத்துக்கான சட்டமும் நிறைவேறியது. ஆகஸ்ட் 5 அன்று, ஆண்டு முடிவதற்குள் எல்லா ஆயுதங்களையும் அரசின் கையில் கொண்டுவர ஒரு திட்டம் தயாரிக்கும்படி அமைச்சரவை ராணுவத்திடம் சொன்னது. ஷியா அமைச்சர்கள் எதிர்த்து வெளிநடப்பு செய்தார்கள். 2025 அக்டோபர் தொடக்கத்தில் அமெரிக்கா ராணுவத்துக்கு 19 கோடி, போலீஸுக்கு 4 கோடி என மொத்தம் 23 கோடி டாலர் ஒதுக்கியிருப்பதாகத் தெரியவந்தது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சண்டை நிறுத்தத்தின்படி வெளியேற வேண்டிய இஸ்ரேல், 2025-இலும் தெற்கில் ஐந்து இடங்களில் படையை வைத்திருந்தது. வான் தாக்குதலும் நிற்கவில்லை. 'நீ முதலில் வெளியேறு' என்றது ஹெஸ்பொலா. 'அவன் முதலில் ஆயுதத்தைப் போடட்டும்' என்றது இஸ்ரேல். நடுவில் நின்றது லெபனான் அரசு. அதன் இறையாண்மையை ஆதரிப்பதாகச் சொல்லும் அமெரிக்காதான் இஸ்ரேலுக்கும் ஆயுதம் கொடுக்கிறது. ஒரு நாட்டின் எல்லையை மதிக்கும்படி உன் நண்பனிடம் சொல்ல முடியாவிட்டால், அந்த நாட்டின் ராணுவத்துக்கு நீ தரும் டாலருக்கு உள்ளூரில் பாதி மதிப்புதான்.

இந்தியாவுக்கு இதில் என்ன?

தெற்கு லெபனானில் இருக்கும் ஐநா அமைதிப்படையான யுனிஃபிலில் 1998 முதல் இந்தியப் படைப்பிரிவு பணியாற்றுகிறது. 2024-இல் சுமார் 900 பேர். ரோந்து போவதோடு கிராமங்களில் மருத்துவ முகாம், கால்நடை மருத்துவம் என்று செய்வதால் அங்கே நல்ல பெயர். 2006 போரின்போது இந்தியக் கடற்படை 'ஆபரேஷன் சுகூன்' மூலம் சுமார் 2,280 பேரை மீட்டது. இந்தியர்களோடு இலங்கை, நேபாளத் தொழிலாளர்களும் அந்தக் கப்பல்களில் வந்தார்கள்.

இந்த அத்தியாயம் முடியப்போகிறது. 2025 ஆகஸ்ட் 28 அன்று பாதுகாப்பு அவை, யுனிஃபிலின் பணியை 2026 டிசம்பர் 31-உடன் முடிக்க ஒருமனதாகத் தீர்மானித்தது. 1978-இல் 'இடைக்கால' படையாக வந்தது, 48 ஆண்டு இருந்துவிட்டது. அது கிளம்பிய பிறகு தெற்கு எல்லையில் நிற்க வேண்டியது லெபனான் ராணுவம் மட்டும்தான்.

அப்போ, வெளிநாட்டு உதவியே வீணா?

இல்லை. இருபது ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் மூன்று விஷயங்கள் தெளிவாகின்றன.

முதலாவது, யார் ஜெயித்தாலும் தொடரும் அமைப்புக்குக் கொடுத்த உதவி நின்றது. ராணுவம் அதற்கு உதாரணம். ஒரு கூட்டணிக்கோ ஒரு தலைவருக்கோ கொடுத்த ஆதரவு அந்தக் கூட்டணியோடு போனது.

இரண்டாவது, அரசு செய்ய வேண்டியதை அரசே செய்தால்தான் ஆயுதக் குழுவின் தேவை குறையும். 2006-க்குப் பிறகு இடிந்த வீடுகளுக்குப் பணத்தோடு முதலில் வந்து நின்றது ஹெஸ்பொலா. இந்த முறை மறுகட்டமைப்புக்கு 1,100 கோடி டாலர் தேவை என்கிறது உலக வங்கி. 'ஆயுதம் போகட்டும், பிறகு பணம்' என்று உலகம் காத்திருந்தால், அந்த வாசலில் மறுபடியும் வேறு யாராவது வந்து நிற்பார்கள்.

மூன்றாவது, இறையாண்மை என்பது எல்லாப் பக்கமும் பொருந்தும் சொல். ஈரானின் பணத்தைக் கேள்வி கேட்கிற அதே வாயால் இஸ்ரேலின் நிலைகளையும் கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் கேட்டால் அந்தக் கேள்வியை உள்ளூர்க்காரர் யாரும் நம்ப மாட்டார்கள்.

கவனிக்க வேண்டிய தேதிகள் மூன்று. ஆயுதங்களை ஒப்படைக்க அமைச்சரவை வைத்த கெடு, 2025 இறுதி. நாடாளுமன்றத் தேர்தல் நடக்க வேண்டியிருந்தது 2026 மே. யுனிஃபில் விடைபெறுவது 2026 டிசம்பர். மூன்றிலும் தலைப்புச் செய்தி ஆகப்போவது தூதர்களும் தீர்மானங்களும்தான். ஆனால் நிலைமை தேறியதா என்று தெரிந்துகொள்ள அதைவிடச் சின்ன கேள்வி ஒன்று போதும். தெற்கு எல்லையில் காவல் நிற்கும் வீரருக்கு, குடும்பம் நடத்தப் போதுமான சம்பளத்தை, சொந்த நாட்டின் கஜானா கொடுக்கிறதா? ஆமாம் என்று என்றைக்குப் பதில் வருகிறதோ, அன்றைக்கு லெபனானுக்கு வெளிநாட்டு 'ஆதரவு' தேவைப்படாது. வெளிநாட்டு நட்பு போதும்.